நாலாமிடத்துக்காரர்

தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவருக்கு அந்த வட்டாரத்தில் ‘நாலு’ என்றுதான் பெயர். மணியை அடித்துவிட்டு, நாம் செருப்பைத் தேடிக் கதவைத் திறப்பதற்குள், மனிதர் அடுத்த வீட்டு மூடியைத் தூக்கிக் குனிந்திருப்பார். நடை அப்படி. சும்மாவா? உலகப் போட்டிகளில் இந்த நாடு தொட்ட உச்சமே அந்த நடைதான்.

நாட்டின் விளையாட்டுப் பெருமையை எழுத ஒரு தபால் அட்டை போதும். விலாசத்துக்கும் தாராளமாக இடம் இருக்கும். முதல் தடவை போன குத்துச்சண்டைக்காரர் மூக்கு உடைந்து வந்தார். அடுத்து போன நீச்சல்காரருக்கு, போட்டிக் குளம் தான் பழகிய குளத்தைப் போல இரண்டு மடங்கு நீளம் என்பதே அங்கே போய்த்தான் தெரிந்தது. பிறகு ஒருமுறை ஆட்டக்காரர்களைவிட கோட்டு போட்ட அதிகாரிகள்தான் அதிகம் போனார்கள். அவர்களுக்கு ஒரு சுளுக்குகூட இல்லை, மகராசன்கள்! இத்தனை கூத்துக்கும் நடுவில், நடைப்போட்டியில் இவர் மூன்றாவதாக மைதானத்துக்குள் நுழைந்தார். கடைசி வளைவில், பின்னால் யார் வருகிறார்கள் என்று இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். வலப்பக்கமாக ஒருத்தன் போய்விட்டான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளாது. சாப்பிடும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒவ்வொரு போட்டியின்போதும் டிவிக்காரர்கள் வீடு தேடி வருவார்கள். “அந்தத் திருப்பத்தைக் கொஞ்சம் காட்டுங்க சார்” என்பார்கள். கூடத்தில் நின்று கழுத்தைத் திருப்பிக் காட்டுவார். வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் சலவைச் சட்டையை முந்தின நாளே எடுத்து வைத்துவிடுவார். அந்த ஒரு வாரம் தெருவே அவருக்கு மரியாதை கொடுக்கும். மற்ற நாளெல்லாம் நாய்தான் துரத்தும்.

இந்த முறை, ஈட்டி எறிகிற பெண் ஒருத்தி இறுதிப் போட்டிவரை வந்துவிட்டாள். ஊரே குதித்தது. இவர் மட்டும் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடையாய் நடந்தார்.

“உக்காருங்களேன், தரை தேஞ்சுடப் போகுது” என்றாள் மனைவி. “அந்தப் பொண்ணு ஜெயிச்சா நல்லதுதானே?”

“இல்லன்னு யார் சொன்னா?” என்று வள்ளென்று விழுந்தார்.

மெடல் வந்துவிட்டால் இவர் யார்? வெறும் மீட்டர்காரர். அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல். எரிச்சலை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

இறுதிப் போட்டியன்று மத்தியானமே டிவிக்காரர்கள் வந்து, சட்டையில் சின்ன மைக்கைக் குத்தி, அவரைத் தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார வைத்தார்கள். தன் கடைசி வீச்சில் அந்தப் பெண் நான்காம் இடத்திலிருந்து மூன்றுக்குத் தாவினாள். தெருவே கூச்சல் போட்டது. இவரும் கை தட்டினார், மனசு தட்டவில்லை. அவளால் கீழே தள்ளப்பட்ட வேற்று நாட்டு நெட்டைக்காரி வீசுவதுதான் பாக்கி. அது குறைந்து போனால் மெடல் நமக்கு.

நெட்டைக்காரியின் ஈட்டி கிளம்பியது. இவர் உதடு தானாக அசைந்தது.

“விழாதே... விழாதே...”

விழவில்லை. நம் பெண்ணின் குறியைத் தாண்டிப் போய்த்தான் குத்தியது.

“அய்யோ!” என்று பேட்டி எடுக்க வந்த பெண் தலையில் கை வைத்தாள். காதில் கருவி மாட்டியிருந்த ஒலிப்பதிவுக்காரர் மட்டும் டிவியைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் அந்தப் பெண் புல்லில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். இவரும் அன்றைக்கு அதைத்தான் செய்தார். அடப்பாவி, இதையா கேட்டோம்!

பேட்டிக்காரிக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பினாள். “சாரி சார், நாங்க அந்தப் பொண்ணோட அம்மா வீட்டுக்குப் போகணும். இனிமே அவங்க பொண்ணுதானே நாலாவது?”

வாஸ்தவம்தான். புதுசு இருக்கும்போது பழைய நாலு யாருக்கு வேண்டும்? ஒலிப்பதிவுக்காரர் மைக்கைக் கழற்றிக்கொண்டே, “அதை அழிச்சிடறேன் சார்” என்று மெதுவாகச் சொன்னார்.

அவர்கள் போனதும் மனைவி எதிரே வந்து நின்றாள். “எனக்கும் காதுல விழுந்துச்சு. ஆசைப்பட்டது நடந்துடுச்சே, அப்புறம் எதுக்கு இந்த மூஞ்சி? அந்தப் பொண்ணு வரும்போது போய்ப் பாருங்க. நீங்க வந்தப்ப யார் வந்தாங்க?”

யாரும் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக பஸ் ஏறியவர் அவர்.

அவள் வந்திறங்கிய அன்று விமான நிலையத்துக்குப் போனார். அதிகாரிகள் காரில் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். ஈட்டி வைத்திருந்த, தன்னைவிட நீளமான குழாயோடு அவள் தனியாக நின்றாள்.

“மாமா, டிவியில கழுத்தைத் திருப்பிக் காட்டுவீங்களே, நீங்கதானே?”

“நான்தாம்மா.”

“என்னையும் அப்படிக் கேப்பாங்களா?”

“கேப்பாங்க. நீ காட்டாதே.”

அவள் தரையைப் பார்த்தாள். “அவ வீசினப்ப ‘விழு, விழு’ன்னு வேண்டிக்கிட்டே இருந்தேன் மாமா. கேக்கவே இல்ல.”

பேசாமல் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

“நான் ‘விழாதே’ன்னு சொன்னேம்மா. என் இடம் போயிடுமேன்னு.”

அவள் அவரையே பார்த்தாள். முகம் சிவந்தது. திட்டட்டும், அடிக்கட்டும் என்று நின்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கால் ஆடாமல் நின்றது.

“உங்க வாய்தான் பலிச்சிருக்கு” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு குழாயின் ஒரு முனையைத் தூக்கினாள். “அந்தப் பக்கம் பிடிங்க. பஸ் எங்க நிக்கும்?”

பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார்.

“மெதுவா போங்க மாமா!”

அவர் நடையைக் குறைத்தார்.