வலம்புரி விசாரணை

என் தங்கையின் கணவர் அரியலூர் உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டபோது தங்கை கேட்டது நான்கு சேலைகள். அவர் கொண்டுவந்தது பன்னிரண்டு கிலோக் கல். உறவினர் கிணறு தோண்டியபோது கிடைத்ததாம். ஆட்டுக்கடாக் கொம்புபோல் சுருண்டிருந்தது. விமானத்தில் பெட்டிக்கு அனுமதித்த எடையைக் கல்லே தின்றுவிட, வாங்கிய சேலைகள் அங்கேயே தங்கிவிட்டன.

"கோயிலுக்குக் கொடுத்துட்டா அவ ஒண்ணும் சொல்ல மாட்டா, மச்சான்" என்றார் என்னிடம். கோயில் வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பதை இருவருமே பேசவில்லை.

பலாங்கொடைக்கு மேலே, எங்கள் தோட்டத்துக் கோயில் நிர்வாகக் கூட்டத்தில் தலைவர் கல்லைத் தட்டிப் பார்த்தார். "சங்கு மாதிரிதான் இருக்கு. வலம்புரின்னா சாமிகிட்ட வைக்கலாம். இடம்புரின்னா வேணாங்க. கிளாக்கரய்யா எழுத்துல கொடுக்கட்டும்."

நான் நிலவியலில் பட்டம் வாங்கித் தோட்டத்து ஆபீசில் கிளாக்கரானவன். ஓய்வுபெறும்வரை ஒருவரும் என்னிடம் கல்லைப் பற்றிக் கேட்டதில்லை. ஆகவே மூன்று பக்கம் எழுதினேன், இரண்டு பிரதிகளில். இது சங்கல்ல; கணவாயின் தூரத்து உறவான அம்மோனைட், டைனோசர்கள் உலவிய கிரெட்டேசியக் காலத்துக் கடல்வாசி. உள்சுற்றுகளில் விலா எலும்புபோல் மேடுகள். வெளிச்சுற்றில் அவை மங்குகின்றன. மேலோடு தேய்ந்த இடத்தில் அறைச்சுவர்களின் ஓரங்கள் கொத்தமல்லி இலைபோல் நெளிகின்றன. நடுக்குழி ஒடுக்கமானது. பாக்கிடிஸ்கஸ் குடும்பமாக இருக்கலாம். உயிர் குடியிருந்த கடைசி அறை உடைந்துவிட்டதால் இனத்தை உறுதிசெய்ய இயலாது.

அடுத்த கூட்டத்தில் தலைவர் மூன்றாம் பக்கத்தின் பின்புறத்தையும் புரட்டினார். "வலம்புரியா இடம்புரியா, அத எங்க போட்டிருக்கீங்க?"

அதுதான் சிக்கல். சங்கு திருகாணிபோல் ஏறும். இது ஒரே தளத்தில் தட்டையாகச் சுருண்டது. காட்டினேன்: வலம்புரி. புரட்டிப் போட்டேன்: இடம்புரி.

"ரெண்டு கட்சியிலயும் இருக்குற ஆளு போல" என்றார் பொருளாளர். தங்கையின் கணவர் வாசலைப் பார்த்தார்.

வாசலில் நின்ற தங்கை உள்ளே வந்தாள். "அண்ணே, வலம்புரி எந்தப் பக்கம்?" காட்டினேன். "அப்ப அந்தப் பக்கம் வெளிய தெரியட்டும். மத்தப் பக்கத்த சுவத்துல வச்சு சிமெந்து பூசுங்க. யாரு புரட்டிப் பாக்கப் போறா?"

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லித் தலைவர் தலையாட்டினார்.

அவள் கணவருக்கு உயிர் வந்தது. "உபயம்னு பேரு வெட்டுவீங்கதானே?"

"வெட்டுவாங்க, என் பேர" என்றாள் தங்கை. "விட்டுட்டு வந்த சேலை நாலும் என்னோடது."

உபயப் பெயரில் செய்த திருத்தத்தைக் கூட்டக் குறிப்பேட்டில் நானே பதிந்தேன். முன்மொழிந்தவர் என் தங்கை. வழிமொழிந்தவர் அவள் கணவர். வேறு வழியில்லாததால் என்பதை மட்டும் எழுதவில்லை.