கைகாட்டும் கைகள்

சுனாமிக்குப் பிறகு ஆரையம்பதிக் கரையில் ஆளாளுக்கு ஒவ்வொன்றைத் தேடினார்கள். கேதீஸ்வரி தன் கணவன் சுதாகரனைத் தேடினாள். அவன் கிடைக்கவில்லை. நொறுங்கிய வாகனங்களின் வைப்பர் மோட்டார்கள்தான் கிடைத்தன.

அவள் சித்திரம் படித்தவள். பூவரசங் கட்டையில் முழங்கை வரை கைகளைச் செதுக்கி, மோட்டார்களில் பூட்டி, வீட்டு முற்றத்து மணலில் நட்டாள். பற்றரியையும் நேரம் வைத்து ஓடும் சுவிட்சையும் கொடுத்ததும் கைகள் ஒவ்வொன்றும் தன்பாட்டில் ஆடின. உப்பேறிய மோட்டார்கள் மட்டும் திக்கித் திக்கி ஆட்டின. பார்த்த பெண்கள் அழுதார்கள்.

ஆனால் அது யுத்த காலம். வயர், பற்றரி, நேரம் வைத்து ஓடும் சுவிட்சு மூன்றும் ஒரு வீட்டில் இருந்தால் குண்டு என்று சந்தேகிக்கப் போதாதா? ஆமிக்காரர்கள் விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதிகாரியின் முன்னால் இயக்கிக் காட்டினாள்.

“இது என்ன வேலைக்கு?”

“ஒண்டுக்கும் இல்ல சேர். சும்மா ஆடும்.”

அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, போகச் சொன்னார். தன் படைப்பு எதற்கும் உதவாது என்று நிரூபித்து விடுதலையான ஒரே கலைஞர் அவளாகத்தான் இருக்கும்.

யுத்தம் முடிந்தது. பாசிக்குடாவில் புதிய ஹோட்டல் ஒன்று எழும்பியது. அதன் மனேஜர் உதயரூபன் தேடி வந்தான்.

“அக்கா, வாற ஆக்களுக்குக் கைகாட்டுறாப்போல எவ்வளவு வடிவா இரிக்கு! வாசல்ல வைப்பம்.”

“தம்பி, இது கடலுக்குள்ள போன ஆக்கள்ற கை.”

“அது நமக்குத்தானே தெரியும். வாறவங்களுக்கு என்ன தெரியும்?”

துரத்தியிருப்பாள். ஆனால் அந்த வாசல் கடலைப் பார்த்திருந்தது. இத்தனை வருடத்தில் கடலைப் பார்க்க வைக்க வேறு எவரும் இடம் தரவில்லை. சம்மதித்தாள்.

திறப்பு விழாவில் பஸ்ஸிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையசைத்தார்கள். கேதீஸ்வரிக்கு முதலில் உடம்பெல்லாம் எரிந்தது. பிறகு, அழாமல் அந்தக் கைகளுக்குப் பதில் சொன்னவர்கள் இவர்கள்தானே என்று தோன்றியது. அந்த நினைப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

எண்ணெய் விட அவள் போய்வர ஹோட்டல் ஓர் அட்டை கொடுத்தது. அதில் அவளுக்குப் போட்டிருந்த பிரிவு ‘தோட்டம்’.

ஒருநாள் உதயரூபன் போன் எடுத்தான்.

“அக்கா, கரைப்பக்கக் கை ஒண்டு நிண்டுபோச்சு. பார்க்க வடிவில்ல.”

“நாளைக்கு வாறன். அதுவரைக்கும் நிக்கட்டும் தம்பி. களைச்சிருக்கும்” என்றாள்.

அவன் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.