ஐலி பிரிக்காத பெட்டி

ஐலி கங்காஸ் கைக்கு எட்டிய எதையும் பிரிக்காமல் விட்டதாகக் கல்லியோ ஊரில் சரித்திரமே இல்லை. கிறிஸ்துமஸ் பரிசுகளை டிசம்பர் இருபதிலேயே பிரித்துப் பார்த்துவிட்டு, இருபத்தைந்தாம் தேதி வாயைப் பிளந்து ஆச்சரியப்படுவாள். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். எந்தப் பிள்ளையின் மதிய உணவுப் பையில் என்ன இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். இதில் அவளுக்கு வெட்கமும் கிடையாது. “மூடி வச்சிருந்தா திறக்கத்தானே?” என்பாள்.

அந்தக் கை ஒரே ஒரு தடவைதான் அவளுக்கு வினையாக முடிந்தது.

பதினோரு வருடம் முன்பு அப்பா இறந்தபோது மேசை இழுப்பறையில் ஓர் உறை கிடைத்தது. ‘ஐலி, ரெய்னோ, இரண்டு பேரும் சேர்ந்து பிரிக்கவும்’ என்று அப்பா எழுதியிருந்தார். தம்பி ரெய்னோ நியூ மெக்சிகோவிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்தான். ஐலி காப்பிக் கெண்டியின் ஆவியில் உறையைக் காட்டி, பசை இளகியதும் பிரித்துவிட்டாள். வீடும் நீராவிக் குளியலுக்கான சானா அறையும் மகளுக்கு, வேட்டைத் துப்பாக்கி மகனுக்கு. ரெண்டே வரி. அதில் ரெய்னோவுக்கு ஒரு குறையும் இல்லை. “அப்பா கடைசியா எழுதினது. அதக்கூட எனக்காக வைக்க முடியலையா உனக்கு?” என்று மட்டும் கேட்டான். அடக்கம் முடிந்ததும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனவன்தான், பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த நவம்பர் பிறந்ததும் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

‘அக்கா, மான் வேட்டை தொடங்கும் நாளுக்கு வருகிறேன். மூன்று விமானம் மாற வேண்டும், பெட்டி எங்கே போய்ச் சேருமோ என்று பயம். அதனால் அப்பாவின் துப்பாக்கியைத் தபாலில் முன்னாடியே அனுப்புகிறேன். இந்த வருடம் நீ சுடு. ஆனால் நான் வந்துதான் பிரிக்க வேண்டும்.’

கடைசி வரிக்கு அடியில் மூன்று கோடு. ஐலிக்கு அந்த மூன்று கோட்டில்தான் பற்றிக்கொண்டு வந்தது.

தபால் நிலையத்தில் பெட்டி ஓர் ஆள் உயரத்துக்குச் சுவரில் சாய்ந்து நின்றது. ஐலி முதலில் பார்த்தது பெயரை.

“இதென்ன சில்வி, அவன் பேருக்கே வந்திருக்கு?”

“அப்படித்தான் வரணும் ஐலிக்கா,” என்றாள் தபால்காரி சில்வி. “ஒரு மாநிலத்துலேர்ந்து இன்னொரு மாநிலத்துக்குன்னா, தனக்குத்தானேதான் அனுப்பிக்கணும். உங்க வீடு வெறும் கேர் ஆஃப். வாங்கி வைக்கலாம், அவ்வளவுதான். பிரிக்கறது அவர் கையாலதான். சட்டம்.”

“எனக்குன்னே போட்ட சட்டமா?”

“நாட்டுக்கே போட்டது. உங்களுக்குப் பொருத்தமா அமைஞ்சுபோச்சு.” சில்வி கையெழுத்துத் தாளை நீட்டினாள். “உள்ள என்னன்னு வெளிய எழுதக் கூடாது. எனக்கும் தெரியாது. திரைச்சீலைக் கம்பியா இருக்கும்.”

“ஆமா, என் வீட்டுல ஜன்னல் ஜாஸ்தி.”

பெட்டியை அவள் தோளில் சுமந்து தெருவில் நடந்தபோது பார்த்த அத்தனை பேரும் திரைச்சீலையைத்தான் விசாரித்தார்கள். பூப்போட்டதா, கோடு போட்டதா என்று கேட்டவர்களும் உண்டு. கல்லியோவில் அந்த நீளத்தில் ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டு உள்ளே என்ன என்று தெரியாதவன் இன்னும் பிறக்கவில்லை.

சானாவில் வைத்தால் ஈரம். கட்டிலுக்கு அடியில் வைத்தால் தூக்கம் வராது. கடைசியில் சாப்பாட்டு மேசையருகே ரெய்னோ சிறுவயதில் உட்காரும் நாற்காலியில் சாய்த்து வைத்தாள். ரெய்னோ என்ற பெயர் அவளைப் பார்த்தபடி நின்றது. முதல் நாள் அதோடு பேசவில்லை. இரண்டாம் நாள் காப்பி குடிக்கும்போது, “மூணு கோடு போடத் தெரியுது, பதினோரு வருஷத்துல ஒரு போன் பண்ணத் தெரியல” என்றாள். நான்காம் நாளுக்குள் பெட்டி வாங்காத வசவு இல்லை. ஆறாம் நாள் கடைக்குப் போய் அந்தத் துப்பாக்கிக்கான தோட்டா ஒரு டப்பா வாங்கி வந்து பெட்டிக்கு முன்னால் வைத்தாள். ஏழாம் நாள் சமையலறைக் கத்திகளையெல்லாம் திரட்டிப் பக்கத்து வீட்டு வைனோவிடம் கொடுத்துவிட்டு, இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டியைக் கையால் பிய்த்துத் தின்றாள்.

அவள் மனதில் இருந்தது பயம்தான். பெட்டியை ஒட்டிய நாடாவில் ஒரு கீறல் பார்த்தாலும் ரெய்னோ திரும்பிப் போய்விடுவான், இனி ஒரு காலத்திலும் வரமாட்டான். அவளுக்கு அறுபத்தேழு வயது. மறுபடி பதினோரு வருடம் காத்திருக்க அவளிடம் தெம்பு இல்லை.

பதினைந்தாம் தேதி விடியும்போது ரெய்னோ கிரீன் பே விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டான். “ஒரே பனி, அக்கா. அடுத்த விமானம் கிடையாதுன்னுட்டாங்க. கார் எடுத்துட்டு வரேன், சாயங்காலம் ஆயிடும். நீ உன் துப்பாக்கிய எடுத்துட்டுப் போ. எனக்காக நிக்காத.”

பன்னிரண்டு வயதில் தொடங்கி, வேட்டை தொடங்கும் அந்த நாளில் அவள் காட்டுக்குப் போகாமல் இருந்ததே இல்லை. கால் எலும்பு முறிந்த வருடம்கூட ஊன்றுகோலோடு போனாள்.

வெளியே வைனோ லாரி ஹாரனை அடித்துவிட்டு, வேட்டைக்குப் போடும் ஆரஞ்சுக் கோட்டோடு உள்ளே வந்தான். “ஏய் ஐலி, இன்னும் வீட்டுச் செருப்போட நிக்கிற? உங்கப்பா துப்பாக்கிதானே, பிரிச்சு எடு. கத்தி நான் தரேன். யாரு பாக்கப் போறா?”

“அதுல யாரு பேரு இருக்கு?”

“அவன் பேரு.”

“அப்ப அவன் பிரிக்கட்டும்.”

வைனோ அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். “ஜுரம் எதுவும் இல்லையே!”

அவன் போனபின் ஐலி தன் துப்பாக்கியையும் எடுக்கவில்லை. ஆரஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டு பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள். காட்டுப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டபோதெல்லாம் யார் சுட்டது என்று பெட்டிக்குச் சொன்னாள்.

மூன்று நாற்பதுக்கு ரெய்னோ வந்தான். தலை நரைத்து, தொப்பை வைத்து, அப்பாவைப் போலவே வாசலில் காலில் ஒட்டிய பனியைத் தட்டினான். ஐலியைக் கட்டிக்கொண்டான். ஆனால் அவன் கண் அவள் தோளுக்கு மேலே பெட்டியைத்தான் தேடியது. அருகே போய் நாடாவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பார்த்தான். நம்பாமல் இன்னொரு தரம் தடவினான்.

“காட்டுக்குப் போகலையா நீ?”

“பிரி முதல்ல.”

அவன் பேனாக்கத்தியால் நாடாவைக் கீறினான். மூடி திறந்ததும் உள்ளே துப்பாக்கி உறையின் மேல் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. ரெய்னோவின் முகம் வெளிறியது. தாளைக் கசக்கிச் சட்டைப்பையில் திணிக்கப் போனான். கைக்கு எட்டியதை விடுகிறவளா ஐலி? பிடுங்கிச் சத்தமாகப் படித்தாள்.

‘அக்கா, பிரிச்சுட்டியா? எனக்கு அப்பவே தெரியும்.’

அதற்கு அடியிலும் மூன்று கோடு.

ரெய்னோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். “அக்கா, நான் வந்து...”

ஐலிக்கு அந்தத் தாளை அவன் முகத்தில் எறியலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு நாள்காட்டியில் தொங்கிய பேனாவை எடுத்து, பேருந்துப் பதிவேட்டில் எழுதிய அதே எழுத்தில் தாளின் கீழே எழுதினாள்: ‘நவம்பர் 15, மாலை 3.40. அக்கா பிரிக்கவில்லை.’

“சாட்சி நீதான். கையெழுத்துப் போடு.”

ரெய்னோ போட்டான். மூக்கை உறிஞ்சியபடி போட்டதால் எழுத்து கோணலாக விழுந்தது. ஐலி தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, தோட்டா டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

“இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கு,” என்றாள். “துப்பாக்கிய நீயே எடுத்துக் குடு.”