ரெண்டு விசில்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் தேடினாலும் என்னைப்போல் தூங்குகிற ஆள் கிடைக்கமாட்டான். தலையைச் சாய்த்தால் அடுத்தது காலை டீதான். இப்படித்தான் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். சுத்தப் பொய். நான் ஒழுங்காகத் தூங்கி மூன்று வருடமாகிறது.

தனியார் பஸ்ஸில் பின்படியில் நின்று விசில் ஊதுவது என் பிழைப்பு. ஒரு விசில் என்றால் வண்டி நிற்கணும், ரெண்டு என்றால் கிளம்பணும். பள்ளிக்கூடம் பக்கம் சரியாகப் போகாதவன் என்றாலும் ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியும் என்ற தைரியம் எனக்கு இருந்தது.

இருபது வருடமாக வாயில் விசில், தலைக்கு மேலே பாட்டு, முன்னால் ஏர் ஹாரன். பகலில் ஒன்றும் தெரியாது. வீட்டில் விளக்கை அணைத்ததும் காதுக்குள் ஒருத்தன் ஊத ஆரம்பிப்பான். அவன் மூச்சு வாங்கவே மாட்டான். முதலில், பக்கத்து வீட்டு மோட்டார் என்று நினைத்துச் சண்டைக்கே போனேன். அவர்கள் வீட்டில் மோட்டாரே கிடையாது.

வெளியே சொல்லவில்லை. காது கெட்டவனை முதலாளி படியில் நிற்க விடுவாரா?

அந்த வண்டிக்கு டிரைவர் என் மனைவியின் அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

"கண்ணு ஏன் மாப்ள இப்படி செவந்து கெடக்குது? ராத்திரில என்னா பண்ற?"

"உன் தங்கச்சியக் கேளு மச்சான்."

பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அன்றைக்குப் பி.முட்லூரில் மருந்துப் பையோடு ஒரு அம்மா இறங்கினார். நான் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன். தலை கம்பியில் இடித்தது. திடுக்கென்று விழித்தவன், பழக்க தோஷத்தில் ரெண்டு விசில் ஊதிவிட்டேன். அந்த அம்மாவின் ஒரு கால் இன்னும் படியில் இருந்தது. வண்டி நகர்ந்தது. விழுந்துவிட்டார். மணிக்கட்டு ஒடிந்துபோனது.

எங்கள் ரோட்டில் என்ன நடந்தாலும் கூட்டம் முதலில் டிரைவரைத்தான் பிடிக்கும். மச்சானைச் சட்டையைப் பிடித்துக் கீழே இறக்கினார்கள்.

"யோவ், கண்ணு தெரியல உனக்கு?"

"ரெண்டு விசில் வந்துச்சு சார். நீயே சொல்லு மாப்ள!"

பாட்டுச் சத்தத்தில் வேறு யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டுச் சொன்னேன்: "நான் ஊதவே இல்ல."

என் கண் முன்னாலேயே மச்சானுக்கு ரெண்டு அறை விழுந்தது. முதலாளி அவரை வண்டியிலிருந்து எடுத்துவிட்டார். இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் அதே படியில் நிற்கிறேன்.

மச்சான் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து, "நீ ஊதலன்னா எனக்குத்தான் காதுல ஏதோ கோளாறு மாப்ள. சிதம்பரத்துல டாக்டரப் பாக்கலாம், தொணைக்கு வா" என்றார். என்னை நம்பியவர், தன் காதை நம்பவில்லை.

போனேன். வெட்கம் கெட்டவன், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் மிஷின் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காதுல எரைச்சல் இருந்தா தூக்கம் கெடும். தூக்கம் கெட்டா எரைச்சல் இன்னும் பெருசா தெரியும். பகல்ல நின்ன எடத்துலயே சொக்கும். உங்களுக்கு அதெல்லாம் எதுவும் இல்ல. காது நல்லா இருக்கு."

டாக்டர் என் சரித்திரத்தை மச்சானிடம் படித்துக்கொண்டிருந்தார்.

வெளியே டீக்கடையில் மச்சான் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார். "அப்ப அந்த ரெண்டு விசில்?" என்று என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஜோக் ஒன்றும் வரவில்லை. "மச்சான், அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். கிளாஸைக் கீழே வைத்தார். அப்புறம் அவர்...

"மாப்ள! உள்ள என்னாத்தக் கிறுக்கிக்கிட்டு இருக்க? ஆட்டோ நிக்குது, வா!"

வாசலில் மச்சான்தான்.

"டாக்டருக்கு டோக்கன் போட்டிருக்கியா மச்சான்?"

"போட்டிருக்கேன், இந்தத் தடவ உனக்கு. ஆனா மொதல்ல மொதலாளி வீடு. எங்கிட்ட சொன்னத அங்க நீயே உன் வாயால சொல்லணும். அப்புறந்தான் காது."

"இதோ வரேன் மச்சான்."