அயர்ன் போட்ட ஊசி

எங்கப்பா சோணைமுத்து, பனியன் கம்பெனியில அயர்ன் மாஸ்டர். கசங்கினது எதுவானாலும் நீராவி காட்டிச் சரிபண்ணிடலாம்னு நம்புற ஆள். அவரோட கிட்னிக்கு மட்டும் அந்த வித்தை பலிக்கல.

டாக்டர் சொன்னதுல எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். கிட்னி எரித்ரோபொயட்டின்னு ஒரு ஹார்மோனை அனுப்பும். அதுதான் ஆர்டர். ஆர்டர் வந்தாத்தான் எலும்புக்குள்ள சிவப்பணு புரொடக்‌ஷன் ஓடும். அப்பா கிட்னி ஆர்டரை நிறுத்திடுச்சு. ரத்தம் குறைஞ்சு, மாடிப்படி பாதியில நின்னுடுவாரு. தெருவை வேடிக்கை பார்க்கிற மாதிரி மூச்சு வாங்குவாரு. அதனால டயாலிசிஸ் பண்றதோட, அந்த ஹார்மோனையே ஊசியாவும் போடுறாங்க.

ஊசி மருந்து குளிர்ச்சியில இருக்கணும், ஆனா உறையக்கூடாது. எங்க வீட்டுல ஃபிரிட்ஜ் இல்ல. கீழ பேக்கரி வச்சிருக்கிற வேலுமணி தன் ஃபிரிட்ஜுல இடம் குடுத்தாரு. எவனும் தொடக்கூடாதுன்னு டப்பா மேல 'பாம்பு விஷம்'னு எழுதி ஒட்டினேன். கேக் வாங்க வந்த ஒரு அம்மா கேக்கே வேண்டாம்னு போயிட்டாங்களாம்.

போன வாரம் மின்தடைன்னு முன்கூட்டியே அறிவிச்சாங்க. மருந்து சூடாயிடுமேன்னு வேலுமணி முந்தின நாளே டப்பாவைத் தூக்கி ஃப்ரீசர்ல, குச்சி ஐஸுக்கு நடுவுல வச்சுட்டாரு. மறுநாள் காலையில, ஊசி போட வேண்டிய அன்னைக்கு, எடுத்து அப்பாகிட்ட நீட்டினாரு.

"பத்திரமா வெச்சிருக்கேனுங்கண்ணா!"

மருந்து கல்லாக் கிடந்துச்சு. அப்பா முகம் ஒரு நொடி செத்துப்போச்சு. "ரொம்ப சந்தோசம் தம்பி"ன்னு வாங்கிக்கிட்டாரு.

நேரா கம்பெனிக்கு வந்து அயர்ன் டேபிள் ஓரத்துல வச்சாரு. நானும் அங்கதான் வேலை பார்க்கிறேன். கொஞ்ச நேரத்துல மருந்து பழையபடி தண்ணியாத் தெளிஞ்சிடுச்சு.

"யார்கிட்டயும் சொல்லாத தாயி. எடம் குடுத்த மனுசன் மனசு கஷ்டப்படும்."

"ஊசி வேலை செய்யுமாப்பா?"

"சுருக்கம் போயிடுச்சுல்ல."

சாயங்காலம் கிளினிக்குக்கு வேலுமணியே பைக்குல கூட்டிட்டுப் போனாரு. பின்னாடி நானும் தொத்திக்கிட்டேன். நர்ஸ் வினிதாக்கா மருந்தை சிரிஞ்சுல ஏத்திட்டாங்க. அப்பா சட்டைக் கையை மடிச்சுட்டு வேலுமணியைப் பார்த்துச் சிரிக்கிறாரு. நான் குறுக்க போய் நின்னேன்.

"அக்கா, அந்த மருந்து ஊட்டிக்குப் போயிட்டு வந்துச்சு. அப்புறம் அப்பா அயர்ன் போட்டாரு."

"என்ன கண்ணு, வெளையாட்டா?"

"இன்னைக்கு வெளையாட்டு இல்லக்கா. ஃப்ரீசர்ல கல்லா உறைஞ்சிருச்சு."

வேலுமணி எந்திரிச்சுட்டாரு. "நாந்தானுங்க வெச்சேன்... நல்லதுன்னு நெனச்சு..."

வினிதாக்கா சிரிஞ்சைத் தூரப் போட்டாங்க. "உறைஞ்சா கெட்டுப்போயிரும். பார்த்தா ஒண்ணுமே தெரியாது. இனி சனிக்கிழமை டயாலிசிஸுக்குப் போறப்பத்தான் புதுசு வாங்கோணும்."

திரும்பி வந்தப்ப அப்பா படி பாதியில நின்னாரு. உதடு வெளுத்திருந்துச்சு. கீழ வேலுமணி புது மருந்துக்காக ஃபிரிட்ஜோட நடுத்தட்டைக் காலி பண்ற சத்தம் கேட்டுச்சு.

"சொல்லாதன்னேன்ல தாயி."

"ஆமாப்பா."

புது ஊசி வர்ற சனிக்கிழமை வரைக்கும் இந்தப் படியில இப்படித்தான் நின்னு நின்னு ஏறணும். நானும் அவரோட நின்னு தெருவைப் பார்த்தேன். பார்க்க அங்க ஒண்ணுமே இல்ல.