துண்டை எடுத்தவள்

விருத்தாசலத்தில் செல்போன் வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் தங்கராசு ஒருமுறையாவது சொல்லிவிடுவார்: "உங்க போனுக்குள்ள என் பொண்ணு எழுதினது ஓடுதுங்க." பீங்கான் கம்பெனியில் சூளை பார்க்கும் மனிதர், பெருமையை அடக்கிவைக்கத் தெரியாது. சொன்னதில் பொய்யும் இல்லை. போன்களையும் கணினிகளையும் உள்ளிருந்து இயக்கும் கெர்னல் என்ற மென்பொருளில், மகள் சண்முகப்ரியா வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில வரிகளைத் திருத்தினாள். வேகம் கூடியது. உலகமே ஏற்றுக்கொண்டது.

ஐந்து வருடம் கழித்து, தெருச் சங்கம் அவளுக்குப் பொன்னாடை போர்த்தவிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், தலையில் இடி விழுந்தது. எங்கோ ஓர் ஆராய்ச்சியாளர் அந்த வரிகளில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்து, அதன் வழியே திருடன் போன் முழுவதையும் கைப்பற்றலாம் என்று நிரூபித்துக் காட்டிவிட்டார். அவருடைய அறிக்கையில், ஓட்டை யார் செய்த மாற்றத்தால் வந்தது என்ற இடத்தில் அவள் பெயர். மதியத்துக்குள் திருத்தம் எழுதி அனுப்பினாள். ஆனாலும் மானம் போனது போனதுதான்.

"என்னம்மா தப்பு அது?" என்றார் தங்கராசு.

"பஸ்ஸுல சீட்டு காலின்னு வெளிய நின்னு பாத்துட்டு, ஏறி வர்றதுக்குள்ள இன்னொருத்தன் உக்காந்துடுறான்ல, அந்த மாதிரிப்பா. பாக்குறதுக்கும் உக்கார்றதுக்கும் நடுவுல திருடன் பூந்துடுறான்."

"அதுக்குத்தான ஜன்னல் வழியா துண்டு போடுறது?"

"போட்டுத்தான் இருந்துச்சு. அதால வேலை மெதுவா நடக்குது, எதுக்கு வெட்டியா இதுன்னு நான்தான் எடுத்துட்டேன்."



"பொன்னாடை வேணாம்பா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வாங்குறது?" என்று அவள் சொன்னதும் தங்கராசு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சங்கத்தாரிடம் உள்ளதைச் சொல்ல நாக்கு எழவில்லை. பொண்ணுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அவர்கள் சும்மா விடுவார்களா? சாயங்காலமே பொன்னாடையும் பிரெட்டும் சாத்துக்குடியுமாக வீடு தேடி வந்துவிட்டார்கள். சங்கத் தலைவி பெரியநாயகி, படுத்திருந்தவளை எழுப்பி உட்காரவைத்துப் போர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"எங்க போன்லயும் நீ எழுதினது இருக்குதாம்மா?" என்று பெரியநாயகி தன் போனை நீட்டினார். "பேங்க்கு, பேத்தி போட்டோ எல்லாம் இதுலதான் வச்சிருக்கேன்."

வாங்கிப் பார்த்தாள். அவள் எழுதியது உள்ளே இருந்தது. ஆனால் பழைய மாடல்; அதற்கு அப்டேட் அனுப்புவதைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது. மதியம் அவள் எழுதிய திருத்தம் இந்தப் போனுக்கு வரவே வராது.

"இருக்குதுங்க," என்றாள். "நான் வச்ச ஓட்டையும் இருக்குது. திருடன் உள்ள வரலாம். என்னால அடைக்க முடியாதுங்க. இந்தப் பொன்னாடைய எடுத்துடுங்க."

பெரியநாயகி அவள் நெற்றியில் கைவைத்தார். வியர்த்துக் கொட்டியிருந்தது.

"பாவம், காய்ச்சல்ல என்னென்னமோ பேசுது," என்று தங்கராசுவைத் திரும்பிப் பார்த்தார். "மாத்திரை குடுத்தீங்களா?"

தங்கராசு தரையைப் பார்த்துக்கொண்டே, "குடுத்தேங்க," என்றார்.