கூட்டினால் எட்டு

எழுத்து எனக்கு வயசான பொறவுதான் வந்தது. எண் சின்னதிலேயே வந்துவிட்டது. ராஜபாளையத்தில் எங்கப்பா நூல் கடை வைத்திருந்தார். நாப்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்று தாள் ஒட்டிய நூல் கட்டுகள் வரும். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத என்னை அந்தக் கட்டுகளைப் பிரித்து அடுக்க வைத்தார். அப்படித்தான் எண்ணைப் படித்தேன், மனசிலேயே கூட்டவும் பழகினேன். கல்யாணமாகி வந்த வீட்டிலும் மாடு வாங்கினாலும் மனை வாங்கினாலும் கடைசியில் என்னைக் கேட்காமல் முடிக்கமாட்டார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

தொண்ணூறாம் வருஷம் பிறந்த சமயம். எங்களிடம் ஒரு அம்பாசடர் இருந்தது. மகன் பேண்டேஜ் துணி நெய்கிற தறி போட்டிருந்தான். காலையில் அவனோடு கிளம்பிப் போகிற வண்டி, விளக்கு வைத்த பொறவுதான் வீடு வரும்.

ஒரு நாள் மத்தியானம் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர், பிசைந்த கையை அப்படியே நெஞ்சில் வைத்தார். சட்டையெல்லாம் சோறு. முகத்தில் வேர்வை கொட்டியது. நான் தெருவுக்கு ஓடி, பஞ்சுப் பொதி ஏற்றி வந்த ஒரு வேனைக் கையை விரித்து மறித்தேன். பொதி மேலேயே அவரைப் படுக்க வைத்து மதுரைக்குக் கொண்டுபோனோம். வழி பூராவும் அவர் தலை என் மடியில் இருந்தது. வேர்வையில் பஞ்சு ஒட்டி, முடியும் புருவமும் வெளுத்துப்போய், வேறு யாரோ ஒரு கிழவர் மாதிரிக் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் டாக்டர் மகனைத் தனியாகக் கூப்பிட்டு, "மறுபடி வந்தா இம்புட்டு நேரம் தாங்காது. வீட்டுல வண்டி நிக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் இருமினால் அடுப்படியிலிருந்து ஓடி வருவேன். அவர் தூங்கினால் வயிறு ஏறி இறங்குகிறதா என்று வாசல்படியில் நின்று பார்ப்பேன். இரண்டாவதாக ஒரு வண்டி, பழசானாலும் சரி, வாங்கிவிடுவதென்று பேச்சு வந்தது. என் மருமகள் அவள் அப்பா வீட்டிலேயே கார் ஓட்டப் பழகினவள். வண்டி நின்றால் போதும், ஓட்ட ஆள் தேட வேண்டாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வாத்தியார் வீட்டில் சின்னக் கார் ஒன்று விலைக்கு நிற்பதாக மகனுக்குத் தகவல் வந்தது. வாத்தியார் காலமாகிவிட்டார், டீச்சரம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. கேட்ட விலை ரொம்பக் குறைச்சல். எனக்கு அந்தக் குறைச்சல்தான் பயமாக இருந்தது.

"முதல்ல நீ பாத்துட்டு வா. பொறவு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போறேன்" என்றான் மகன். அவிய, அதான் என் வீட்டுக்காரர், கட்டிலில் படுத்துக்கொண்டே, "ஆமா, ஒங்கம்மா கண்ணுல தேறாதது நம்ம வாசல்ல நிக்கப்படாது" என்றார்கள். கேலிதான். ஆனாலும் எனக்குப் பெருமையாக இருந்தது. துணைக்கு வருகிறேன் என்ற மருமகளை, "அவிய பக்கத்துல ஆள் வேணும்" என்று நிறுத்திவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினேன்.

வண்டி ஒரு தகரக் கொட்டகைக்குள் நின்றது. நீலக் கலர், துடைத்து வைத்தாற்போல் இருந்தது. டீச்சரம்மா கழுத்தில் சிலுவை போட்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனார். நான் உட்காரவில்லை. நேரே வண்டியின் முன்னால் போய் நம்பர் பலகையைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் நம்பரைக் கூட்டிப் பார்ப்போம். கூட்டுத்தொகை எட்டு வந்தால் சனிக்கு உரியது என்று அந்த வண்டியைத் தொடமாட்டோம். ஒன்று, எட்டு, நான்கு, நான்கு. பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு.

விலை குறைந்த காரணம் இதுதான் என்று நினைத்தேன். வாத்தியாரை விழுங்கின வண்டி, அடுத்து யாரை விழுங்க என் வாசலுக்கு வரப் பார்க்கிறது? காப்பியைப் பாதி குடித்துவிட்டு, "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுதோம்" என்று கிளம்பிவிட்டேன்.

வீட்டில் எட்டு என்று சொன்னதும் அந்த வண்டிப் பேச்சு நின்றுவிட்டது. என் கூட்டலை யாரும் திருப்பிக் கூட்டிப் பார்த்த வழக்கமில்லை. "சரி, வேற பாப்போம்" என்றான் மகன். வேறு எதுவும் அகப்படவில்லை. ஒன்று விலை எட்டவில்லை, ஒன்று தள்ளினால்தான் நகர்ந்தது. பத்து நாளுக்குள் அவருக்கு மறுபடி ஒரு தடவை நெஞ்சைப் பிடித்தது. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு அவர் சுவரைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, மருமகள் வாசலில் நின்று தெருவைப் பார்த்தாள். தெருவில் ஒரு வண்டியும் இல்லை. செத்த நேரத்தில் வலி தானாக அடங்கியது.

அதற்கு மறுநாள் காலை. தேதி கிழிக்கிற காலண்டரில் தாளைக் கிழித்துவிட்டு, "இன்னைக்குத் தேதி எட்டாயிடுச்சே, மாத்திரை வாங்கணுமே" என்றேன்.

அவிய சிரித்தார்கள். "ஏட்டி, நேத்து ரெண்டு. இன்னைக்கு எட்டா? அஞ்சு நாளு என்னைத் தூங்கப் போட்டுட்டியா?"

நான் காலண்டருக்குப் பக்கத்தில் போனேன். மூக்கு தாளில் இடிக்கிற மட்டும் போனேன். அது மூன்று. இரண்டடி பின்னால் வந்து பார்த்தால் எட்டு. முன்னால் போனால் மூன்று. கொஞ்ச நாளாகவே விளக்கைச் சுற்றிப் புகை மாதிரித் தெரிந்தது உண்டு. அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கத்தான் எனக்குப் பிடித்திருந்தது.

நீலக் கார் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே நான் பார்த்த எட்டு, எட்டுதானா?

யாரிடமும் சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா வாங்கப் போகிறேன் என்றேன். "மாமாவுக்கு இனிப்பு ஆகாதே அத்தே?" என்றாள் மருமகள். "எனக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். வழியில் எதிரே வந்த ஒவ்வொரு நீலக் காரும் அதுவாக இருக்குமோ, விற்றுப்போய்விட்டதோ என்று திக்கென்றது.

கொட்டகைக்குள் நீலக் கார் அப்படியே நின்றது. முன்பலகையில் இருந்தது வெறும் பெயிண்ட் எழுத்து. பின்னால் போனேன். பின்பலகையில் தகரத்தில் வெட்டின எண்களை ஆணி வைத்து அடித்திருந்தார்கள். கண்ணை நம்பாமல், குனிந்து விரலால் தடவினேன். ஒன்று. அடுத்தது மேலே வளைந்து, நடுவில் உள்ளே வந்து, மறுபடி வளைந்தது. இடது பக்கம் திறந்தே கிடந்தது, விரல் ஓரத்தில் எங்கும் முட்டவில்லை.

"என்னம்மா தேடுதீங்க?" பின்னால் டீச்சரம்மா நின்றிருந்தார்.

"இது மூணுதான?"

"மூணுதான். ஆயிரத்து முந்நூத்தி நாப்பத்தி நாலு."

பன்னிரண்டு. ஒன்றும் இரண்டும் மூன்று. அப்படியே வண்டியின் டிக்கியைப் பிடித்துக்கொண்டேன். எட்டுக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "நாங்க அதெல்லாம் பாக்கதில்லம்மா. நீங்க பாதிக் காப்பிய வச்சிட்டுப் போனதுல, என் காப்பிதான் சரியில்லையோன்னு நெனச்சேன்."

"வாத்தியார் இந்த வண்டியிலயா...?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கட்டில்ல. தூங்கினபடியே போயிட்டாங்க." அவர் முந்தானையால் வண்டியின் கண்ணாடியைத் துடைத்தார். "வண்டி சும்மா நிக்கிறத என்னால பாக்க முடியல. அதான் வெலையக் கூட்டிச் சொல்லல. ஆலங்குளத்துலருந்து ஒருத்தர் சாயந்திரம் வாரேன்னிருக்கார்."

சாயந்திரம். எஞ்சின் எப்படி என்று எனக்குத் தெரியாது. மெக்கானிக் பார்க்கவில்லை, மகனிடம் கேட்கவில்லை. இத்தனை நாள் என் வார்த்தையை நம்பி நிறுத்தி வைத்தவர்களுக்கு, அந்த வார்த்தையே தப்பு என்றும் இனிமேல்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் தெருவைப் பார்த்து நின்ற மருமகள்தான் கண்ணுக்குள் நின்றாள். "நாங்க எடுத்துக்கிடுதோம். அவருக்கு ஆள் விட்டுச் சொல்லிருங்க" என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே புதுசாகக் கேட்டது.

மகன் வந்து கைகால் கழுவுகிறவரை பொறுத்திருந்தேன். பொறவு மூன்று பேருக்கும் முன்னால் நின்று, "நான் தப்பாக் கூட்டிட்டேன். எனக்குக் கண்ணு தெரியல. வண்டிக்கு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்" என்றேன். நாற்பது வருஷத்தில் அந்த வீட்டில் நான் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மருமகள்தான் பேசினாள். "எனக்குத் தெரியும் அத்தே. அரிசியில கல்லு வர ஆரம்பிச்சப்பவே தெரியும். நீங்க புடைச்சதுன்னு நான் எப்படிச் சொல்ல?"

"கல்லு கடிச்சு என் பல்லு ஒண்ணு போயிருச்சு. நானே சொல்லல" என்றார்கள் அவிய.

மெக்கானிக் போய்ப் பார்த்தான். பேட்டரியை மட்டும் மாற்றச் சொன்னான். வண்டி வந்து வாசலில் நின்றது. அவருக்காக வாங்கின வண்டி முதன்முதலாக மதுரைக்குப் போனது என் கண் ஆபரேஷனுக்குத்தான். மருமகள் ஓட்டினாள். அவர் முன்சீட்டில் இருந்தார். நான் பின்னால் உட்கார்ந்து, அவர் கை நெஞ்சுப் பக்கம் போகிறதா என்று வழி நெடுகப் பார்த்துக்கொண்டே போனேன். கிருஷ்ணன்கோவில் தாண்டினதும் கை மெதுவாக மேலே போனது. என் உயிர் போய் வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து பாக்கை எடுத்தார்.

"ஏட்டி, முன்னால போற லாரி நம்பரக் கூட்டிச் சொல்லு பாப்போம்."

"சும்மா வாங்க" என்றேன். "திரும்பி வரும்போது சொல்லுதேன்."